கொல்லைத் தென்னையும் பக்கத்து ஆண்டெனாவும்: காய்ப்புக் குறைவின் காரணத்தைக் கண்டறியும் முறை

வீட்டுக் கொல்லையில் நிற்கும் தென்னையில் குரும்பை கொட்டத் தொடங்கினாலோ, காய் சிறுத்துப்போனாலோ, பக்கத்து மாடியில் நிற்கும் செல்போன் கோபுரத்தைக் கைகாட்டுவது இன்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பரவலாகிவிட்டது. இந்த ஐயத்தை வெறும் வதந்தி என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்காக அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, மரத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் சரியாகாது. கோபுரத்துக்கும் காய்ப்புக் குறைவுக்கும் தொடர்பு உண்டா என்பதை ஒரு வீட்டுக்காரர் தாமே பெருமளவு சோதித்து அறியலாம். அதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு குறிப்பேடு, ஆண்டெனாவின் திசை பற்றிய சிறிது அறிவு, மரமேறுபவரின் ஒத்துழைப்பு ஆகியவை போதும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடியிருப்புப் பகுதிகளில் காணப்படும் அளவிலான ரேடியோ அலைகள் தென்னையின் விளைச்சலைக் குறைக்கின்றன என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால், கோபுரம் வந்த இடத்தில் தோண்டிய மண், அறுபட்ட வேர், சிந்திய டீசல் ஆகியவை மரத்தைக் கெடுத்திருக்க வாய்ப்பு உண்டு. இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் கீழே சொல்லப்படும் முறையின் நோக்கம்.

முதலில் மரத்தின் நாட்காட்டியைப் படிக்க வேண்டும்

தென்னை தன் வரலாற்றைத் தன் கொண்டையிலேயே எழுதி வைத்திருக்கிறது. நன்கு வளர்ந்த மரம் ஏறத்தாழ மாதம் ஒரு மட்டை விடும். ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை இருக்கும். பாளையின் கரு, அது வெடிப்பதற்குச் சுமார் 32 மாதங்களுக்கு முன்பே மரத்தின் குருத்துக்குள் தோன்றிவிடுகிறது. பாளை வெடித்துக் கரு பிடித்த பின் காய் முற்ற இன்னும் 11 அல்லது 12 மாதங்கள் ஆகும். ஆகவே இன்று வெட்டி இறக்கும் முற்றிய தேங்காயின் கதை, ஏறத்தாழ 44 மாதங்களுக்கு முன் தொடங்கியது. போன தீபாவளிக்கு இயங்கத் தொடங்கிய கோபுரம், இந்தப் பொங்கலுக்கு வெடிக்கும் பாளையில் பெண் பூக்கள் குறைவாக இருப்பதற்குக் காரணம் என்று சொல்வது பெரும்பாலும் கணக்குக்கு ஒத்துவராது. அந்தப் பாளையின் அடிப்படை அதற்கு வெகு முன்பே முடிவாகியிருக்கும். குரும்பை உதிர்வது மட்டும் இதற்கு விலக்கு. அது பாளை வெடித்த முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள் நடப்பது என்பதால், அண்மைக் காலத்து வறட்சியோ, சத்துக் குறைவோ, பூச்சியோ உடனடியாக அதில் தெரியும். பெண் பூக்களில் பாதிக்கு மேல் உதிர்ந்துவிடுவது நலமான மரத்திலும் இயல்பு என்பதை மறந்துவிடக் கூடாது.

கணக்கிடும் வழி எளிது. மரமேறுபவரை மேலே அனுப்பி, இப்போதுதான் பாளை வெடித்திருக்கும் மட்டையை முதலாவதாகக் கொண்டு, அதற்குக் கீழே மூப்பு வரிசையில் உள்ள மட்டைகளை எண்ணச் சொல்லுங்கள். ஒரு மட்டைக்கு ஒரு மாதம் என்று வைத்துக்கொண்டால், எந்த மட்டையின் கக்கத்தில் குலை வெறுமையாக இருக்கிறதோ அந்தப் பாளை எந்த மாதம் வெடித்தது என்பது தெரிந்துவிடும். ஐந்தாவது மட்டையிலிருந்து எட்டாவது மட்டை வரை குலைகள் காலியாக இருந்து, அதற்கு மேலும் கீழும் நன்றாகக் காய்த்திருந்தால், கெடுதல் ஒரு குறிப்பிட்ட காலத்தில் வந்து போயிருக்கிறது என்று பொருள். இடைவிடாமல் இயங்கும் ஆண்டெனா அப்படி விட்டுவிட்டுக் கெடுக்காது. இந்த ஒரு சோதனையே பல ஐயங்களைத் தீர்த்துவிடும் என்பது என் கருத்து. மரத்தின் உச்சியை நோக்கித் தண்டு மெலிந்து, புது மட்டைகள் சிறுத்து, பென்சில் முனைபோல் ஆகியிருந்தால், சிக்கல் பல ஆண்டுகளாக நீடித்துவரும் சத்துக் குறைபாடு அல்லது நீர்ப் பற்றாக்குறை என்று கொள்ளலாம்.

இந்தக் கணக்கோடு ஒப்பிட வேண்டிய தேதி, கோபுரம் நட்ட தேதி அல்ல. அது அலை பரப்பத் தொடங்கிய தேதி. இரும்புச் சட்டம் நின்று பல மாதங்கள் கழித்தே மின் இணைப்புக் கிடைத்துக் கருவிகள் இயங்கத் தொடங்குவது உண்டு. சட்டம் நின்ற நாளிலேயே மரம் வாடத் தொடங்கியது என்றால், அலைமீது பழி போட வழியில்லை.

தேதிகள் ஒன்றாக வருவதில் ஒரு பொறி உண்டு. இந்தியாவில் செல்போன் சேவை 1995-ஆம் ஆண்டு தொடங்கியது. தென்னங்காயைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரான ஈரியோபைட் சிலந்தி 1990-களின் இறுதியில் கேரளத்தில் கண்டறியப்பட்டு அடுத்த சில ஆண்டுகளில் தமிழ்நாடு முழுவதும் பரவியது. கோபுரங்களும் அதே ஆண்டுகளில்தான் ஊர் ஊராக முளைத்தன. பொள்ளாச்சிப் பகுதியில் ஓலைச் சாற்றை உறிஞ்சும் சுருள் வெள்ளை ஈ முதன்முதலாகத் தெரியவந்த ஆண்டு 2016. நாடெங்கும் 4ஜி சேவை பெருமளவில் பரவத் தொடங்கியதும் அதே ஆண்டு. போதாக்குறைக்கு, அந்த ஆண்டு தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைவாகப் பெய்தது. அந்த வறட்சியின் விளைவைத் தென்னை அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குச் சுமந்தது. கோபுரம் வந்த பிறகு காய்ப்புப் போயிற்று என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அதே காலத்தில் வேறு என்னென்ன வந்தன என்று அவர்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அலை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும்

கோபுரத்தில் நீண்ட செவ்வகப் பலகைகள்போல் நிற்பவைதாம் செல்போன்களோடு பேசும் ஆண்டெனாக்கள். பொதுவாக மூன்று திசைகளை நோக்கி, ஒன்றுக்கொன்று 120 பாகை இடைவெளியில் அவை பொருத்தப்பட்டிருக்கும். முரசுபோல் வட்டமாக இருப்பவை ஒரு கோபுரத்திலிருந்து இன்னொரு கோபுரத்துக்கு நேர்க்கோட்டில் தகவல் அனுப்புபவை. அவற்றின் ஆற்றல் மிகக் குறைவு, மரத்தைப் பொறுத்தவரை அவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. பலகை ஆண்டெனா அனுப்பும் அலைக் கற்றை பக்கவாட்டில் அகன்றும், மேல்கீழாக மிகக் குறுகியும் இருக்கும். அது சில பாகை மட்டுமே கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால், கோபுரத்தின் அடியைத் தாண்டிச் சற்றுத் தொலைவில்தான் தரையைத் தொடும். அதாவது, கோபுரத்துக்கு நேர் கீழே நிற்கும் மரத்தின் மீது விழும் அலை, பலகைக்கு எதிரே அதே உயரத்தில் நிற்கும் மரத்தின் மீது விழுவதைவிடக் குறைவாகவே இருக்கும்.

இங்கேதான் தென்னைக்கு ஒரு தனித்தன்மை வருகிறது. இரண்டு மாடிக் கட்டடத்தின் மேல் குட்டையான கம்பம் நட்டு ஆண்டெனா பொருத்தினால், அதன் உயரமும் வயதான நெட்டைத் தென்னையின் கொண்டை உயரமும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். மனிதர்கள் நிற்கும் தரையில் அலை மிகக் குறைவாக இருக்கும்போதே, கொண்டை கற்றையின் நடுவில் நிற்கக்கூடும். ஆகவே, மொட்டை மாடியிலோ முற்றத்திலோ கருவி வைத்து அளந்துவிட்டு, மரத்துக்கு ஒன்றுமில்லை என்று சொல்வது முழுமையான பதில் ஆகாது. கோபுரத்தைக் குறை சொல்பவர்களுக்குச் சார்பாக நான் ஏற்றுக்கொள்ளும் வாதம் இது.

அந்த மோசமான நிலையையே எடுத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு பலகைக்கு ஒரு அலைவரிசையில் 20 வாட் ஆற்றல் ஊட்டப்படுகிறது என்றும், பலகை அதை முன்பக்கமாக 50 மடங்கு குவிக்கிறது என்றும் கொள்வோம். நேர் எதிரே 20 மீட்டர் தொலைவில் ஒரு சதுர மீட்டரில் விழும் ஆற்றல் சுமார் 0.2 வாட். தொலைவு இரட்டித்து 40 மீட்டரானால் அது நான்கில் ஒரு பங்காகி 0.05 வாட் ஆகிவிடும்; 100 மீட்டரில் 0.008 வாட்தான். நண்பகல் வெயில் அதே சதுர மீட்டரில் ஏறத்தாழ 1,000 வாட் பொழிகிறது. 20 மீட்டரில் நிற்கும் கொண்டையின் முன்பரப்பு 10 சதுர மீட்டர் என்று வைத்தாலும், அதன் மீது விழும் மொத்த ரேடியோ ஆற்றல் 2 வாட். ஐந்து அலைவரிசைகள் இருந்தால் 10 வாட், அதாவது ஒரு எல்.இ.டி. பல்பு எரியும் அளவு. பாளையை அது வேகவைத்துவிடும் என்ற அச்சத்துக்கு இதில் இடமில்லை. இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த வரம்பு, 900 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் சதுர மீட்டருக்கு 0.45 வாட்; 1800 மெகா ஹெர்ட்ஸில் சுமார் 0.9 வாட். பன்னாட்டு அளவுகோலில் இது பத்தில் ஒரு பங்கு. ஆனால் இது மனிதர்களுக்காக வகுக்கப்பட்ட வரம்பு, மரங்களுக்கு அல்ல.

வெப்பம் ஏற்படுத்தாமலே அலை வேறு வழியில் மரத்தைத் தாக்குமா என்பது தனிக் கேள்வி. பிரான்சில் தக்காளிச் செடிகளை 900 மெகா ஹெர்ட்ஸ் அலையில், மீட்டருக்கு 5 வோல்ட் மின்புலத்தில், பத்து நிமிடம் மட்டும் வைத்துப் பார்த்தபோது, காயம் பட்ட செடியில் தூண்டப்படுவது போன்ற சில மரபணுக்கள் தூண்டப்பட்டதை ஆய்வாளர்கள் கண்டனர். அந்தப் புலம் சதுர மீட்டருக்குச் சுமார் 0.07 வாட்டுக்குச் சமம். நாம் மேலே கணக்கிட்ட அளவுகளின் வரிசையில்தான் அது இருக்கிறது. ஆகவே செடிக்கு எதுவுமே தெரியாது என்று சொல்ல முடியாது. செடி ஒரு தூண்டலை உணர்வதும் அதன் விளைச்சல் குறைவதும் ஒன்றல்ல. காற்று அசைத்தாலும் அதே மரபணுக்களில் சில தூண்டப்படும்.

மரங்களைப் பற்றிய நேரடி ஆய்வுகள் சில உண்டு. லாத்வியாவின் ஸ்க்ருந்தா என்ற இடத்தில் சோவியத் காலத்து ரேடார் நிலையத்தைச் சுற்றியிருந்த பைன் மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட ஆய்வு, நிலையம் இயங்கத் தொடங்கிய காலத்திலிருந்து வளையங்கள் குறுகியதைக் காட்டியது. ஜெர்மனியின் பாம்பெர்க், ஹால்ஷ்டாட் நகரங்களில் செய்து 2016-இல் வெளியான ஆய்வு, கோபுரத்தை நோக்கிய பக்கத்தில் மரங்கள் பட்டுப்போவதாகப் படங்களோடு பதிவு செய்தது. ஆனால் அதில் சிதைந்த மரங்கள் சிதைந்தவை என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டன. நகரத் தெருவின் மண், நீர், வெப்பம் ஆகியவை தனியாகப் பிரித்துப் பார்க்கப்படவில்லை. இவற்றுக்கு மறுபக்கத்தில், ஸ்விட்சர்லாந்தில் இளம் ஸ்ப்ரூஸ், பீச் மரக்கன்றுகளை மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக 2450 மெகா ஹெர்ட்ஸ் நுண்ணலையில் வளர்த்த ஆய்வு 1996-இல் வெளியானது. அதில் சதுர மீட்டருக்கு 0.007 வாட் முதல் 300 வாட் வரை பலவகை அளவுகள் தரப்பட்டும், உயரத்திலோ இலையடர்த்தியிலோ தெளிவான கெடுதல் காணப்படவில்லை. அளவைத் தம் கையில் வைத்துக்கொண்டு செய்த சோதனை என்பதால் நான் இதற்கே கூடுதல் எடை தருவேன். இந்த மரங்கள் எவையும் தென்னை அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கெடுதல் எந்த வடிவில் பரவியிருக்கிறது?

அலைதான் காரணம் என்றால் கெடுதலுக்கு ஒரு வடிவம் இருந்தாக வேண்டும். பலகைக்கு எதிரே உள்ள மரங்கள் அதிகம் கெட வேண்டும். பலகையின் முதுகுப் பக்கமும், கான்கிரீட் சுவரின் மறைவும், கற்றைக்குக் கீழே நிற்கும் குட்டை மரங்களும் தப்ப வேண்டும். தொலைவு கூடக் கூடக் கெடுதல் விரைவாகக் குறைய வேண்டும். ஒரே கொண்டையில் கோபுரத்தைப் பார்த்த மட்டைகள் முந்திக் கருக வேண்டும். இதைச் சரிபார்க்க, தெருவில் உள்ள தென்னைகளை ஒரு தாளில் வரைந்து, கோபுரத்தின் பலகைகள் பார்க்கும் மூன்று திசைகளையும் அம்புக்குறிகளாகப் போட்டு, ஒவ்வொரு மரத்துக்கும் அருகில் பச்சை மட்டைகளின் எண்ணிக்கையையும் கடைசி நான்கு குலைகளின் காய் எண்ணிக்கையையும் எழுதுங்கள். நலமான மரத்தில் 30 முதல் 40 மட்டைகள் இருக்கும். ஒரே ரகம், ஒரே வயது, ஒரே வகை நீர்ப்பாசனம் உள்ள மரங்களையே ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். கழிவுநீர் பாயும் மரத்தையும் காய்ந்த மண்ணில் நிற்கும் மரத்தையும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. எண்ணுபவருக்குக் கோபுரத்தைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது இன்னும் நல்லது.

கோபுரத்தின் அடியை ஒட்டிய மரம் மட்டுமே கெட்டு, எதிரே உள்ளவை செழித்திருந்தால் காரணம் மண்ணில் இருக்கிறது. தென்னையின் வேர்களில் பெரும்பகுதி தண்டிலிருந்து 2 மீட்டர் தொலைவுக்குள், மேல் ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பதால், அந்தத் தொலைவுக்குள் அடித்தளம் தோண்டியிருந்தால் வேர் அறுபட்டிருக்கும். ஜெனரேட்டருக்கு ஊற்றும்போது சிந்தும் டீசல், வட்டப்பாத்தியில் கொட்டிய சிமெண்ட்டுக் கழிவு, புகைக்குழாயின் வாய் கொண்டையை நோக்கியிருப்பது ஆகியவற்றையும் பாருங்கள். இரவெல்லாம் எரியும் விளக்கு காண்டாமிருக வண்டை ஈர்க்கும். வண்டைப் பிடிக்க விளக்குப் பொறி வைப்பதும் அதனால்தான். இவை எல்லாம் கோபுரத்தின் விளைவுகளே. நிறுவனத்திடம் கேட்டுச் சரிசெய்யவும் முடியும். கதிர்வீச்சு என்று மனு எழுதினால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் விஷயம், டீசல் கசிவு என்று எழுதினால் விரைவில் தீரக்கூடும்.

தெரு முழுவதும், கோபுரம் இல்லாத அடுத்த தெருவிலும்கூட, ஒரே மாதிரி காய்ப்புக் குறைந்திருந்தால் பூச்சியையும் சத்தையும் தேட வேண்டும். காயின் காம்பை ஒட்டிய தொட்டிப் பகுதியிலிருந்து முக்கோண வடிவில் பழுப்பேறி, தோல் வெடித்துச் சொரசொரப்பானால் அது ஈரியோபைட் சிலந்தி. ஓலையின் அடிப்பக்கம் சுருள் சுருளாக வெண்மையும், கீழ் ஓலைகளின் மேல் கரும்பூஞ்சாணமும் இருந்தால் சுருள் வெள்ளை ஈ. விரிந்த ஓலையில் கத்தரித்ததுபோல் வெட்டு இருந்தால் காண்டாமிருக வண்டு. தண்டின் அடியில் செம்பழுப்பு நீர் வடிந்தால் தஞ்சாவூர் வாடல் நோயை ஐயப்பட வேண்டும். குருத்து ஓலைகள் பிரியாமல் ஒட்டி, நுனி கொக்கிபோல் வளைந்தால் போரான் குறைவு. கதிர்வீச்சால் ஓலை சுருண்டுவிட்டது என்று காட்டப்படும் மரங்களில் இந்தக் கடைசி அறிகுறியை ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது. கொல்லையில் முந்திரி இருந்தால், துளிரும் பூங்கொத்தும் தீய்ந்ததுபோல் கருகுவது தேயிலைக் கொசு என்ற பூச்சியின் வேலை. நாட்டு வாதுமையின் இலைகள் சிவந்து மொத்தமாக உதிர்வது அதன் இயல்பு. அதற்குக் கோபுரமும் வேண்டாம், நோயும் வேண்டாம்.

ஐயம் தீராதவர்கள் செய்ய வேண்டியவை

மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2017-இல் தொடங்கிய தரங் சஞ்சார் இணையதளத்தில் உங்கள் முகவரிக்கு அருகிலுள்ள கோபுரங்களையும், அவை வரம்புக்கு உட்பட்டவையா என்பதையும் பார்க்கலாம். கட்டணம் செலுத்தி அளவெடுக்கக் கோரும் வசதியும் உண்டு; தொடங்கியபோது அந்தக் கட்டணம் வரி நீங்கலாக ரூ. 4,000. அளக்க வருபவர்களிடம், முற்றத்தோடு நிறுத்தாமல், கொண்டை உயரத்துக்கு ஒத்த மாடியிலும் ஓர் அளவு எடுக்கும்படி கேளுங்கள். கடைகளில் கிடைக்கும் மலிவான கருவிகள் எச்சரிக்கை விளக்கு எரிவதற்கே பயன்படும். அவற்றின் எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

அதே நேரத்தில் மரத்துக்கு உரியதைச் செய்துகொண்டே இருக்க வேண்டும். வளர்ந்த நாட்டுத் தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ மியூரியேட் ஆப் பொட்டாஷ் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ரசாயன உரங்களை இரண்டாகப் பிரித்து, ஜூன்-ஜூலையிலும் டிசம்பர்-ஜனவரியிலும், தண்டிலிருந்து 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தியில் ஈரம் இருக்கும்போது இட வேண்டும். குரும்பை அதிகம் கொட்டினால் அதே பல்கலைக்கழகத்தின் தென்னை டானிக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேர் வழியாகக் கொடுக்கலாம். கொல்லைத் தென்னைகளில் பெரும்பாலானவை ஆண்டாண்டாக ஒரு பிடி பொட்டாஷும் காணாதவை என்பதால், இந்தச் சிகிச்சையே ஒரு சோதனையும் ஆகிறது. ஆண்டெனா அங்கேயே நிற்க, உரமும் நீரும் கொடுத்த மரத்தில் குரும்பை நிற்கத் தொடங்கினால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். ஆனால் மரத்தின் நாட்காட்டிப்படி, பாளையின் தரம் கூடுவதைக் காண இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுக்க வேண்டும். ஒரே ஆண்டில் முடிவு கேட்பவர்களுக்குத் தென்னை பதில் சொல்வதில்லை. முடிந்தால் இரண்டு மரங்களுக்கு உரமிட்டு, அதே நிலையிலுள்ள ஒன்றை வழக்கம்போல் விட்டுவைத்து ஒப்பிடுங்கள்.

வீட்டிலேயே அமெச்சூர் வானொலி வைத்திருப்பவர்கள்

தென்னையில் கம்பி கட்டி ஆண்டெனா இழுக்கும் ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்களுக்கு நிலைமை வேறு. இங்கே மரத்துக்கு அலையைவிடக் கம்பியும் ஆணியும்தான் ஆபத்து. தென்னை ஒருவித்திலைத் தாவரம். அதன் தண்டில் புண்ணை மூடி வளரும் திசு இல்லாததால், அடித்த ஆணியும் வெட்டிய படியும் மரம் உள்ளவரை ஆறாத புண்ணாகவே இருந்து, சிவப்புக் கூன்வண்டுக்கு வாசலாகும். அகன்ற நைலான் பட்டையைத் தளர்வாகச் சுற்றிக் கட்டுங்கள். முந்திரியிலும் வாதுமையிலும் வேறு வகைக் கேடு நேரும்: அவற்றின் தண்டு ஆண்டுதோறும் பருப்பதால் இறுக்கிய கம்பி பட்டையை அறுத்து உணவோட்டத்தை நிறுத்திவிடும்; ஆண்டுக்கு ஒருமுறை கட்டை அவிழ்த்துத் தளர்த்த வேண்டும். டைபோல் எனப்படும், இரு பக்கமும் நீட்டிக் கட்டும் கம்பி ஆண்டெனாவின் இரு முனைகளிலும் மின்னழுத்தம் மிகுந்திருக்கும் என்பதால், அதிக ஆற்றலில் பேசும்போது ஓலை முனையைத் தொட்டால் அந்த இடம் கருகக்கூடும். முனையில் மின்சாரத்தைக் கடத்தாத பீங்கான் துண்டு பொருத்தி, அதற்கும் ஓலைக்கும் இடையே சில அடி கயிறு விடுவது மரத்துக்கும் நல்லது, ஒலிபரப்புக்கும் நல்லது. நீர் நிறைந்த பச்சை ஓலை உயர் அலைவரிசைகளை விழுங்கும் இயல்புடையது. இருபது மீட்டர் அலைநீளப் பட்டையில் (14 மெகா ஹெர்ட்ஸ்) உணரப்படாத இழப்பு 435 மெகா ஹெர்ட்ஸில் மழைக்காலத்தில் நன்றாகவே தெரியும். அதனால் அந்த ஆண்டெனாவைக் கொண்டைக்கு நடுவில் மறைத்து வைக்காமல், தனிக் கம்பத்தில், இடிதாங்கியும் நில இணைப்பும் சேர்த்து, வேர்ப் பரப்புக்கு வெளியே குழி எடுத்து நட வேண்டும்.